1927 யாங்கீஸா, 1975 ரெட்ஸா? – வாசகர் கேள்வி பதில்

கணினியில் பேஸ்போல் லீக் நடத்தும் கொழும்பு வாசகர்களிடமிருந்து இம்முறை கடிதங்கள் கூடுதலாக வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே தொடரைப் பற்றியவை. அவற்றையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர் பழைய அமெரிக்க அணிகளை வைத்து லீக் நடத்துகிறோம். வரும் வாரம் 1927 நியூயோர்க் யாங்கீஸும் 1975 சின்சினாட்டி ரெட்ஸும் யாங்கீஸ் மைதானத்தில் மூன்று ஆட்டங்கள் மோதுகின்றன. முன்னோட்டம் எழுதும் பொறுப்பு என் தலையில். யார் வெல்வார் என்பதற்கு ஏதாவது கணக்கு உண்டா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: உண்டு. தொலைபேசியில் உள்ள கல்குலேட்டரே போதும். யாங்கீஸ் அந்த ஆண்டு 110 வெற்றி, 44 தோல்வி, விகிதம் 0.714. ரெட்ஸ் 108 வெற்றி, 54 தோல்வி, 0.667. இவை அதிர்ஷ்டத்தால் வந்தவையா என்று முதலில் சோதியுங்கள். எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்த ஓட்டங்களின் வர்க்கமும் கொடுத்த ஓட்டங்களின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். யாங்கீஸ் ஏறத்தாழ 975 எடுத்து 600 கொடுத்தது; விடை 0.725. ரெட்ஸ் 840 எடுத்து 586 கொடுத்தது, விடை 0.673. இரண்டும் உண்மை விகிதத்தை ஒட்டியே நிற்கின்றன. ஆகவே இரண்டு அணிகளின் வெற்றிக் கணக்கையும் அப்படியே நம்பலாம்.

அடுத்தது பேஸ்போல் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸின் சூத்திரம். யாங்கீஸ் விகிதம் அ, ரெட்ஸ் விகிதம் ஆ என்று வையுங்கள். (அ − அ×ஆ) ÷ (அ + ஆ − 2×அ×ஆ). விடை 0.555. பொது மைதானத்தில் ஓர் ஆட்டத்தை யாங்கீஸ் வெல்லும் வாய்ப்பு அது. பேஸ்போலில் சொந்த மைதானத்தில் ஆடும் அணி நெடுங்காலமாக 100-க்கு 54 அளவில் வென்று வந்திருக்கிறது. சரிபாதிக்கு மேலான அந்த நான்கைக் கூட்டினால் 0.595. உங்கள் மென்பொருளில் சொந்த மைதானச் சலுகை அணைக்கப்பட்டிருந்தால் கூட்டாதீர்கள். அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் எழுதுபவர்கள் சறுக்கும் முதல் இடம் இதுதான்.

மூன்றில் இரண்டையாவது வெல்லும் வாய்ப்புக்கு 0.595-ஐ வர்க்கமாக்கி, (3 − 2×0.595) ஆல் பெருக்குங்கள். 64 சதவீதம் வரும். யாங்கீஸ் மூன்றையும் வெல்ல 21 சதவீதம், ரெட்ஸ் மூன்றையும் வெல்ல 7 சதவீதம். “யாங்கீஸ் ஊதித் தள்ளிவிடும்” என்று எழுத இந்த எண்கள் இடம் தரவில்லை.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 0.714 என்பது 1927-இல் தன் காலத்து எதிரணிகளுக்கு எதிராக யாங்கீஸ் பெற்றது. ஜக்கி ரொபின்சன் 1947-இல் களமிறங்கும் வரை அன்றைய மேஜர் லீக்குகளில் கறுப்பின வீரர்களுக்கு இடமே இருக்கவில்லை. ரெட்ஸ் தன் 108 வெற்றிகளைப் பெற்றது எல்லாருக்கும் திறந்திருந்த, இன்னும் கடுமையான லீக்கில். உங்கள் மென்பொருள் ஒவ்வொருவரையும் அவரவர் காலச் சராசரியோடு ஒப்பிட்டுச் சமன்செய்கிறது என்றால் மேலே சொன்ன 0.555 நிற்கும். காலங்களுக்கிடையிலான தர வேறுபாட்டையும் கணக்கிலெடுக்கும் அமைப்பு என்றால் எங்கள் வாக்கு ரெட்ஸுக்கே. எந்த அமைப்பில் ஆடுகிறீர்கள் என்பதை முன்னோட்டத்தின் முதல் பந்தியிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: 1927 யாங்கீஸ் வீரர் பேப் ரூத்தின் துடுப்பாட்டச் சராசரி 0.356, அதே அணியின் ஏர்ல் கோம்ப்ஸின் சராசரியும் 0.356. அப்படியென்றால் இருவரும் ஒன்றா?
– மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: கிரிக்கெட் கண்ணோடு பார்த்தால் இந்தக் குழப்பம் வரும். பேஸ்போல் சராசரி, கணக்கில் சேரும் துடுப்பாட்ட வாய்ப்புகளில் எத்தனை ஹிட் (அடித்துப் பேஸில் ஏறியது) என்பதை மட்டும் சொல்லும். பந்தை எல்லைக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன்னும் ஒன்று, ஒற்றைப் பேஸ் ஹிட்டும் ஒன்று. வோக் (நான்கு பிழைப் பந்துகளால் கிடைக்கும் இலவசப் பேஸ்) அதில் வரவே வராது. 1927-இல் கோம்ப்ஸ் 231 ஹிட் எடுத்தார், அவற்றில் ஹோம் ரன் 6. ரூத்துக்கு 60 ஹோம் ரன், அதற்கு மேல் 137 வோக். அவர் பேஸில் ஏறிய விகிதம் 0.486. முன்னோட்டத்தில் சராசரியை விட்டுவிட்டு, பேஸில் ஏறும் விகிதத்தையும் அடியின் வலுவைக் காட்டும் ஸ்லகிங் விகிதத்தையும் கொடுங்கள். ரூத்துக்கு ஸ்லகிங் 0.772, அதே அணியின் லூ கெரிக்குக்கு 0.765.

கேள்வி: நான் ரெட்ஸ் அணியின் பொறுப்பாளர். மூன்று ஆட்டங்களுக்கும் யாரைப் பந்துவீச வைப்பது?
– வாசகர், தெஹிவளை

பதில்: முன்னோட்டத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். பேஸ்போல் அணிக்கு நிலையான பலம் என்று ஒன்றில்லை. இன்று பந்துவீச்சு மேட்டில் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்து அது நாளுக்கு நாள் மாறும்.

யாங்கீஸ் வரிசையில் முதலாமவர் கோம்ப்ஸ், மூன்றாமவர் ரூத், நான்காமவர் கெரிக். மூவரும் இடதுகை. இடதுகைத் துடுப்பாட்டக்காரருக்கு இடதுகைப் பந்துவீச்சு பொதுவாகத் தொல்லை. உங்கள் இடதுகையாளர்கள் டொன் கலெட்டும் பிரெட் நோர்மனும். இருவரையும் இந்தத் தொடருக்கு ஒதுக்குங்கள். மூன்றாவது ஆட்டத்தை வலதுகையாளர் கேரி நோலனிடம் கொடுக்கலாம். ஜக் பில்லிங்ஹம் அடுத்த தொடர் வரை பொறுக்கட்டும்.

இங்கே மூன்று சிக்கல்கள் வரும். முதலாவது, தொடக்கப் பந்துவீச்சாளர்கள் முறைவைத்து வீசும் சுழற்சி அமைப்பு. “கண்டிப்பான வரிசை” என்று வைத்திருந்தால் மென்பொருள் உங்கள் விருப்பத்தைப் பார்க்காது; யாருடைய முறையோ அவரையே அனுப்பும். ஒரு வாரம் முன்னதாகவே எண்ணிப் பார்த்து, தேவைப்பட்டால் ஒருவரை ஒரு முறை தாண்டவிடுங்கள். இரண்டாவது, பயன்பாட்டு வரம்பு. கலெட் 1975-இல் கட்டைவிரல் முறிந்து இரண்டு மாதம் வெளியே இருந்தவர். 22 ஆட்டங்களைத் தொடங்கி 159 இன்னிங்ஸ் சொச்சம்தான் வீசினார். உண்மை இன்னிங்ஸ் அளவுக்கு மேல் வீசக் கூடாது என்ற விதி உங்கள் லீக்கில் இருந்தால், அவரைப் பலவீனமான அணிகளுக்கு எதிராகச் செலவழித்துவிட்டுக் கடைசி மாதத்தில் கையைப் பிசையாதீர்கள். மூன்றாவது களைப்பு. மூன்று நாள் ஓய்வில் இறக்கப்படுபவர் பெரும்பாலான மென்பொருள்களில் சீக்கிரமே தளர்ந்துவிடுவார். நான்கு நாள் ஓய்வுக்குக் குறைக்க வேண்டாம்.

மாற்றுப் பந்துவீச்சாளர்களில் ரெட்ஸின் கை ஓங்கியிருக்கிறது. பயிற்றுநர் ஸ்பார்க்கி அண்டர்சன் தொடக்கப் பந்துவீச்சாளரைச் சட்டென்று மாற்றிவிடுவதற்குப் பேர்போனவர். 1975-இல் அந்த அணியில் ஒரே ஆள் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தது வெறும் 22 முறை. 1927 யாங்கீஸில் அது 80-ஐத் தாண்டும். ஏழாவது இன்னிங்ஸில் ரூத்தும் கெரிக்கும் வரும்போது இடதுகையாளர் வில் மெக்எனேனியை அழையுங்கள். வலதுகையாளர் ரோலி ஈஸ்ட்விக்கைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாற்றாக வருபவர் குறைந்தது மூவருக்காவது, அல்லது அந்த இன்னிங்ஸ் முடியும் வரை, வீச வேண்டும் என்ற 2020 விதி உங்கள் லீக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இன்னிங்ஸ் முடியாத வரை மெக்எனேனி அந்த இருவரோடு நின்றுவிட முடியாது. அடுத்து வரும் வலதுகையாளர் பொப் மியூசலுக்கும் அவரே வீசியாக வேண்டும்.

யாங்கீஸ் பொறுப்பாளர் இதைப் படித்தால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ரூத்துக்கும் கெரிக்குக்கும் நடுவில் மியூசலை நுழைக்கலாம். ஒரு இடம் தள்ளிப்போவதால் கெரிக்குக்கு இழப்பு சொற்பம். எதிரணியின் இடதுகை உத்தியோ பாதியில் உடையும்.

கேள்வி: யாங்கீஸ் மைதானத்தில் வலப்பக்க எல்லை மிகக் கிட்ட என்கிறார்கள். ரூத்தின் 60 ஹோம் ரன்னுக்கும் அதுதானே காரணம்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கிட்ட என்பது உண்மை. அன்றைய மைதானத்தில் வலப்பக்கக் கோட்டோரம் 295 அடி. ஆனால் நடுப்பகுதி 490 அடி வரை விரிந்து கிடந்தது. ரூத் அந்த 60-இல் 28-ஐத்தான் சொந்த மைதானத்தில் அடித்தார்; 32 வெளியூரில். எனவே “மைதானம் காப்பாற்றியது” என்று எழுதாதீர்கள்.

உங்கள் தொடருக்கு முக்கியமானது அந்த நடுப்பரப்புத்தான். அவ்வளவு பெரிய புல்வெளியைக் காக்க வேகமான நடுக்கள வீரர் வேண்டும். ரெட்ஸின் சீசர் ஜெரோனிமோ 1975-இல் சிறந்த களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருது பெற்றவர். துடுப்பாட்டக்காரருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கெட்சர் ஜொனி பெஞ்ச், இரண்டாம் பேஸில் ஜோ மோர்கன், இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஷோர்ட்ஸ்டொப் டேவ் கொன்செப்சியொன் ஆகியோருக்கும் அதே ஆண்டு அதே விருது. மைதானத்தின் நடுக்கோடு முழுக்க விருதுக்காரர்கள். 1927-இல் ஸ்ட்ரைக் அவுட் (பந்து களத்துக்குள் போகாமலே துடுப்பாட்டக்காரர் ஆட்டமிழப்பது) குறைவு. யாங்கீஸின் முதன்மைப் பந்துவீச்சாளர் வெயிட் ஹொய்ட் 256 இன்னிங்ஸில் 86 பேரைத்தான் அப்படி வெளியேற்றினார். அந்தக் காலத்து எண்களை மாற்றாமல் ஆடும் லீக் என்றால் பந்து அடிக்கடி களத்துக்குள் வரும். அப்போது களத்தடுப்பின் மதிப்பு கூடும். பலர் மறந்துவிடும் விசயம் இது.

கேள்வி: ஜோ மோர்கனைப் பேஸ் திருட விடலாமா?
– வாசகர், முகத்துவாரம்

பதில்: தாராளமாக. பந்து வீசப்படும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேரும் இந்தத் திருட்டில் 1975-இல் 67 முறை வென்று 10 முறை மட்டும் பிடிபட்டவர். நான்கில் மூன்று முறை வென்றால்தான் திருட்டு நட்டமில்லாமல் முடியும். மோர்கன் அதற்கு வெகு மேலே. ஓட்டங்கள் குவியும் ஆட்டத்தில் அந்த எல்லை இன்னும் கொஞ்சம் உயரும். யாங்கீஸ்காரர்களோ கெட்சர் பெஞ்சின் எறியும் கைக்கு எதிராக ஓடவே கூடாது. மென்பொருளில் அணி முழுமைக்கும் ஒரே திருட்டு அமைப்பு வைத்திருந்தால் மெதுவாக ஓடும் ரெட்ஸின் டோனி பெரெஸையும் அது ஓடவைக்கும். ஆளுக்கு ஆள் தனித்தனியே அமையுங்கள்.

கேள்வி: எங்களிடம் கணினி இல்லை. அட்டையும் தாயக்கட்டையும் வைத்து ஆடும் ஸ்ட்ராட்-ஓ-மெட்டிக்கில் இதே தொடரை ஆடப் போகிறோம். முன்னோட்டம் எழுத அட்டையை எப்படி வாசிப்பது?
– வாசகர், மருதானை

பதில்: அந்த விளையாட்டு 1961 முதல் விற்பனையில் இருக்கிறது, கணக்கும் எளிது. தனி நிறக் கட்டையில் 1, 2, 3 விழுந்தால் துடுப்பாட்டக்காரரின் அட்டை. 4, 5, 6 விழுந்தால் பந்துவீச்சாளரின் அட்டை. மற்ற இரண்டு கட்டைகளின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். ஓர் அட்டையில் மூன்று நிரல்கள் (எந்த நிரல் என்பதையும் அந்தத் தனிக் கட்டையே சொல்லும்), நிரலுக்கு 36 வாய்ப்பு, மொத்தம் 108. கூட்டுத்தொகை 7 வர 6 வழிகள். 6-க்கும் 8-க்கும் ஐந்தைந்து. 2-க்கும் 12-க்கும் ஒவ்வொன்று. ஒரு நிரலில் 7-க்கு நேரே முழு ஹோம் ரன் இருந்தால் 108-இல் 6. இப்படி வோக், ஹிட், ஹோம் ரன் மூன்றையும் தனித்தனியே கூட்டி எழுதுங்கள். அட்டையின் இடப்பக்கம், வலப்பக்கம் என்று இரண்டு பகுதிகள் கொண்ட உயர்நிலைப் பதிப்பு என்றால், எதிரணிப் பந்துவீச்சாளரின் கைக்குரிய பகுதியை மட்டும் எண்ண வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் கலெட்டுக்கு எதிராக ரூத்தை மிகைப்படுத்திவிடுவீர்கள்.

கேள்வி: பந்துவீச்சாளருக்குப் பதிலாக ஒருவர் துடுப்பெடுத்தாடும் விதி எங்கள் லீக்கில் இருக்கிறது. யாருக்கு இலாபம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ரெட்ஸுக்கு. அவர்களிடம் டான் டிரீசன் சும்மா உட்கார்ந்திருக்கிறார். 1976 உலகத் தொடரில் தேசிய லீக்கின் முதல் பதிலி துடுப்பாட்டக்காரராக ஆடியவர் அவர்தான். யாங்கீஸ் பக்கம் வலதுகையாளர் பென் பஸ்கல் இருக்கிறார், கலெட் வீசும் நாளுக்குப் பொருத்தம். ஆனாலும் டிரீசன் ஒரு படி மேல்.

கேள்வி: எங்கள் லீக் நிர்வாகி நியூயோர்க்கில் இருக்கிறார். இரவு 9 மணிக்கு எங்கள் அணிக் கோப்புகளைப் பூட்டுவார். இங்கே எத்தனை மணி? போன தடவை நான் 60 சதவீதம் என்று எழுதிய அணி மூன்றிலும் தோற்று, எல்லாரும் சிரித்தார்கள். கணிப்புப் பிழையா?
– வாசகர், தெஹிவளை

பதில்: அங்கே கோடைகால நேரம் நடக்கும்போது கொழும்பில் மறுநாள் காலை 6.30, நவம்பரில் கடிகாரத்தைப் பின்தள்ளிய பிறகு 7.30. முதல் நாள் இரவே அணிக் கோப்பினை அனுப்பிவிட்டுப் படுங்கள். அனுப்பிய பின் அணியில் எதையாவது மாற்றினால் மறுபடியும் அனுப்ப வேண்டும். கணினியில் சேமித்தது தானாக அவரிடம் போய்ச் சேராது.

ஆட்டத்துக்கு 60 சதவீதம் கொடுத்த அணி மூன்றையும் தோற்கும் வாய்ப்பு 100-க்கு 6-க்குச் சற்று மேல். நடக்கக்கூடியதுதான். ஒரு தொடரை வைத்துக் கணிப்பை அளக்க முடியாது. எழுதிய ஒவ்வொரு சதவீதத்தையும் முடிவையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். 55 முதல் 60 வரை கொடுத்த ஆட்டங்கள் நூறு சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். 57 அளவில் வென்றிருந்தால் கணக்குச் சரி. 70 வென்றிருந்தாலும் உங்கள் கணிப்பில் பிழை இருக்கிறது என்றே பொருள். பலமான அணிகளுக்கு நீங்கள் குறைத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.