கையெழுத்துப் போட்டவர்கள்

வணக்கம் அண்ணா,

2024 மே மாதம், அமெரிக்கப் பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்ற பிரௌன் வழக்குத் தீர்ப்பு வந்து 70 ஆண்டு ஆனதை ஒட்டி எங்கள் ஊர் நூலகத்தில் வக்கீல்கள் ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். பிள்ளைகளை வைத்து மாதிரி நீதிமன்றம். என் மகள்தான் தலைமை நீதிபதி வாரன். தீர்ப்பை வாசித்தாள், எல்லோரும் கைதட்டினார்கள், கேக் வெட்டினோம். வீட்டுக்கு வந்ததும், “மறுநாளே எல்லாரும் ஒண்ணா படிச்சாங்களாப்பா?” என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது ஏற்பாட்டுக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். இந்த மாதிரி சட்ட விழிப்புணர்வு நிகழ்ச்சிகளால் பயன் உண்டா? எனக்குச் சடங்காகத்தான் தெரிகிறது.

எஸ்., ரிச்மண்ட், விர்ஜினியா

அன்புள்ள எஸ்.,

மகளிடம் ‘இல்லை’ என்று சொல்லிவிடுங்கள். 1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, பொதுப்பள்ளிகளில் பிள்ளைகளை இனவாரியாகப் பிரித்து வைப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றார்கள். எப்போதிலிருந்து, எப்படி என்று சொல்லவில்லை. அதற்கென்று 1955இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. அதிலும் காலக்கெடு கிடையாது. உங்கள் மாநிலத்திலேயே பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), சேர்த்துப் படிக்கவைப்பதற்குப் பள்ளியே இல்லாமல் இருக்கலாம் என்று 1959இல் பொதுப்பள்ளிகள் அத்தனையையும் இழுத்துப் பூட்டினார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தயாராக இருந்தது. கறுப்பினப் பிள்ளைகள் பலருக்கு வருடக்கணக்கில் படிப்பே இல்லை. 1964இல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்ட பிறகுதான் பொதுப்பள்ளிகள் திறந்தன. அன்று படிப்பை இழந்தவர்களுக்கு மாநில அரசு கல்வி உதவித்தொகை அறிவித்தது 2004இல். அதற்குள் அவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியிருந்தார்கள்.

இனி உங்கள் கேள்வி. பயன் உண்டு. அந்த வழக்கே இப்படிப்பட்ட கூட்டங்களில் பிறந்ததுதான். ஆனால் நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் கதையை நீதிமன்ற வாசலில் ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

பிரௌன் என்ற பெயரில் உண்மையில் பல வழக்குகள் சேர்த்து விசாரிக்கப்பட்டன. அதில் ஒன்று இதே பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியின் ஃபார்ம்வில்லிலிருந்து வந்தது. அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் இடம் போதாமல், தார்க் காகிதம் ஒட்டிய கொட்டகைகளை வகுப்பறை ஆக்கியிருந்தார்கள். மழை பெய்தால் ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேர்க்கும், மற்றவர்கள் கோட்டைக் கழற்றாமல் பாடம் கேட்பார்கள். 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண் தலைமையில் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது புதுக் கட்டடம், அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்ற இரண்டு வக்கீல்கள் வந்தார்கள். வகுப்புக்குத் திரும்பச் சொல்லிவிட்டுப் போகலாம் என்ற எண்ணத்தோடுதான் வந்தார்கள். சர்ச்சின் அடித்தளத்தில் கூட்டம். பிள்ளைகளின் உறுதியைப் பார்த்துவிட்டு வக்கீல்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: கட்டடத்துக்காக வழக்குப் போட மாட்டோம், பிரித்து வைப்பதே தவறு என்று போடுவதானால் வருகிறோம், ஆனால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சட்டக் கல்வி என்று நான் சொல்வது இதைத்தான். ‘உங்களுக்கு இன்ன உரிமை இருக்கிறது’ என்று சொல்வது சுலபம். கேட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என்ன ஆகும் என்பதற்கு, பிரௌனோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட தென் கரோலினா வழக்கைப் பாருங்கள். கிளாரண்டன் கவுண்டியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு 30 பள்ளிப் பேருந்துகள், கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு பேருந்து கேட்கப் போய் ஆரம்பித்த வழக்கு அது. வாதியாகப் பெயர் கொடுத்த ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் பங்க் வேலையை இழந்தார். விடுதியில் வேலை பார்த்த அவர் மனைவி எலைசாவுக்கும் வேலை போனது. ஊரைத் திரட்டிய பாதிரியார் ஜோசப் டிலெய்ன் வீடு எரிந்தது, கடைசியில் மாநிலத்தை விட்டே போனார். உங்கள் மாதிரி நீதிமன்றத்தில் இவர்கள் வேடம் யாருக்காவது கிடைத்ததா?

அதனால் ஒரு யோசனை. அடுத்த முறை நீதிமன்றக் காட்சியைச் சுருக்கிவிட்டு, அந்தச் சர்ச் கூட்டத்தை நடிக்க வையுங்கள். அப்பாவாக நடிக்கும் பையனிடம் வேலையைப் பற்றியும் கடனைப் பற்றியும் கேளுங்கள். வழக்குப் போட சம்மதித்துக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் வற்புறுத்தாதீர்கள். அன்றைக்கும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு, அவர்களும் கோழைகள் இல்லை. பெரியவர்களுக்கு 1955ஆம் ஆண்டுத் தீர்ப்பை அச்செடுத்துக் கொடுங்கள், நீளமானது இல்லை.

சடங்கு என்று சொன்னதால் ஒன்று ஞாபகம் வருகிறது. நாம் உழைப்பாளர் தினம் கொண்டாடும் மே 1ஐ அமெரிக்காவில் சட்ட தினம் ஆக்கியவர் அன்றைய அதிபர் ஐசனாவர், 1958இல். அதற்கு முந்தைய வருடம்தான் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக்கில், வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டும் படித்துவந்த பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்களைக் கொண்டுபோக அவர் ராணுவத்தையே அனுப்ப வேண்டியிருந்தது! இதையும் பேசச் சொல்லுங்கள்.

அப்புறம், மோட்டன் பள்ளி இப்போது அருங்காட்சியகம். ரிச்மண்டிலிருந்து காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். தலைமையாசிரியரை ஒரு பொய் ஃபோன் மூலம் வெளியே அனுப்பிவிட்டு பார்பரா மாணவர்களைக் கூட்டிய கதையை மகளுக்குப் போகும் வழியிலேயே சொல்லிவிடுங்கள். சிரிப்பாள்.