கேட்கலாம் வாங்க: காது வலிக்காமல் சத்தத்தைத் தடுக்கும் ஹெட்போன்

கேள்வி: ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. தினமும் ஆறு மணி நேரம். பக்கத்து அறையில் டிவி ஓடிக்கொண்டே இருக்கும். மூடிய வகை ஹெட்போன் வாங்கினால் வெளிச்சத்தம் வராது என்றார்கள். வாங்கினேன். சத்தமும் வருகிறது, ஒரு மணி நேரத்தில் காதும் வலிக்கிறது. கண்ணாடி அணிபவள் நான். எதை வாங்குவது?
— வாசகி ஒருவர்

பதில்: சகோதரி, ஒலித்தொகுப்பு வேலையில் 18 வருடமாக இருக்கிறேன். உங்கள் கடிதத்தில் 'கண்ணாடி' என்ற சொல் வந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

மூடிய ஹெட்போனில் சத்தத்தைத் தடுப்பது வெளிப்பக்க ஓடு மட்டும் இல்லை. காதைச் சுற்றியிருக்கும் பஞ்சு வளையம் தோலோடு இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். காதில் மாட்டும் ஃப்ரேம் கம்பி அந்த வளையத்தைத் தூக்கினால் மேலும் கீழும் சின்னச் சந்து விழும். அந்த வழியாக டிவி உள்ளே வரும், பாட்டின் தாழ்ந்த ஒலியான பேஸ் வெளியே போய்விடும். சோதித்துப் பாருங்கள். பேஸ் அழுத்தமாக உள்ள பாட்டை ஓடவிட்டு, காதை மூடும் கிண்ணங்களை இரண்டு கையாலும் லேசாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடுகிறதா? அப்படியானால் சந்து இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை கேளுங்கள்.

வலி எந்த இடத்தில் என்று நீங்கள் எழுதவில்லை. காதுக்கு மேலே, கம்பி படும் இடத்தில் என்றால் காரணம் அதே கம்பிதான். மெல்லிய கம்பியுள்ள ஃப்ரேமும் மெத்தென்ற தடித்த வளையமும் பாதி வேதனையைக் குறைக்கும். காது மடலின் விளிம்பில் என்றால் கிண்ணம் சிறியது. எனக்கு அப்படித்தான் வலித்தது. மூன்று மாதம் எடைதான் காரணம் என்று நினைத்தேன். கடைசியில் ஸ்கேல் வைத்து அளந்தால், கிண்ணத்தின் உள்துளையைவிட என் காது உயரம்! அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் காதை அளக்கச் சொல்கிறேன்.

சரி, எதை வாங்குவது? சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ 32 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) வரை வெளிச்சத்தத்தைக் குறைக்கும் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. ஆனால் அது தலையை இறுக்கிப் பிடிக்கும் ரகம். கண்ணாடியோடு ஆறு மணி நேரத்துக்கு நான் சொல்ல மாட்டேன். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவில் வளையம் பெரியது, வெல்வெட் போன்ற துணி, காது அவ்வளவு வியர்க்காது. தடுப்பு சற்றுக் குறையும், ஏனென்றால் துணி காற்றை விடும், ரெக்சின் விடாது. இறுக்கம் கூடினால் தடுப்பு கூடும், சுகம் குறையும். இந்தப் பேரத்தில் உங்கள் பக்கம் சுகம்தான். நான் டிடி 770 பக்கம் சாய்வேன். எதுவானாலும் கண்ணாடியோடு இருபது நிமிடம் மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். முதல் இரண்டு நிமிடத்தில் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. டிவியில் பேசும் குரல், கதவு மணி, பாத்திரச் சத்தம் இவற்றை மூடிய கிண்ணம் நன்றாகக் குறைக்கும். ஃபேனின் உறுமல், ஏசியின் இரைச்சல், பஸ் எஞ்சின் போன்ற தாழ்ந்த ஒலிகளிடம் அது தோற்கும். அங்கேதான் நாய்ஸ் கேன்சலிங் உதவும்: வெளி ஒலியை மைக்கால் பிடித்து, அதற்கு எதிரான அலையை உள்ளே விட்டு அடக்கும். உங்கள் தொல்லை டிவி என்பதால் சாதாரண மூடிய வகையே போதும்.

நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. வெளிச்சத்தம் கேட்டால் கை தானாக வால்யூமைக் கூட்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபலில் அது வெறும் 4 மணி நேரம். உங்களுக்கு வாரத்தில் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. காது போனால் திரும்ப வராது, அம்மா.

கேள்வி: ஹெட்போன் ரொம்ப இறுக்கமாக இருக்கிறது. புத்தகங்களுக்கு நடுவே விரித்து வைத்தால் தளருமா?

பதில்: தளரும். தலையின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான புத்தக அடுக்கின் மேல் ஓர் இரவு மாட்டி வையுங்கள். தலைப்பட்டைக்குள் உலோகத் தகடு இருந்தால் மட்டும். முழுக்க பிளாஸ்டிக் என்றால் விரிசல் விடலாம்.

கேள்வி: டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் (மின்தடை அளவு) என மூன்று விதமாகக் கிடைக்கிறது. போனுக்கு எது?

பதில்: 32 அல்லது 80. 32 ஓமில் மட்டும் வளையம் துணி இல்லை, ரெக்சின் போன்றது. 250 ஓம் போனில் சன்னமாகத்தான் கேட்கும், அதற்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அப்புறம், வளையப் பஞ்சு தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டு வையுங்கள். என் பழைய ஹெட்போன் ஒன்றில் ரெக்சின் உரிந்து கறுப்புத் துகளாகக் கன்னத்தில் ஒட்டியது. வளையத்தை மட்டும் மாற்றினேன். சத்தத் தடுப்பு புதிதாக வாங்கிய நாள் போலத் திரும்பிவிட்டது.