மழையில்லாத மாதத்தில் இன்சுலேட்டரைத் துடைப்பது ஏன்?

கேள்வி: எனக்கு ஊர் மண்டபம். ஐடிஐ எலெக்ட்ரீஷியன் முடித்து மின்சார லோகோ ஷெட்டில் அப்ரென்டிஸாகச் சேர்ந்திருக்கிறேன். வெயில் மாதங்களிலும் இன்ஜின் கூரை இன்சுலேட்டர்களைத் துடைக்கச் சொல்கிறார்கள். மழைக்காலத்தில்தானே மின்கசிவு பயம்? எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

பதில்: தம்பி, இன்சுலேட்டர் என்பது மின்சாரம் கூரைக்கு இறங்காமல் தடுக்கும் பீங்கான் தாங்கி. கொட்டும் மழை அதைக் குளிப்பாட்டிவிடும். பயப்பட வேண்டியது பனிக்கும் சிறு தூறலுக்கும்தான். நம் கரையில் நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையோடு சரி. பிறகு மாதக்கணக்கில் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து பீங்கானில் அப்பும். 1914-இல் திறந்த பாம்பன் பாலத்து இரும்பை அரித்ததும் இதே உப்புதான். காய்ந்திருக்கும்வரை அது மின்சாரத்தைக் கடத்தாது. விடியற்காலைப் பனியில் நனைந்ததும் கசிவு தொடங்கும். கசிவுச் சூட்டில் ஆங்காங்கே ஈரம் காயும். காய்ந்த இடத்தைத் தாண்டிப் பொறி பறக்கும். அது நீண்டு இன்சுலேட்டர் முழுவதையும் தாண்டிவிட்டால் 25,000 வோல்ட் நேரே இன்ஜின் கூரைக்குத்தான். சப்ஸ்டேஷனில் பிரேக்கர் டிரிப் ஆகி, அந்தப் பகுதி வண்டிகளெல்லாம் நிற்கும்.

மேற்பக்கத்தை மழையே கழுவிவிடும். மடிப்புகளின் அடிப்பக்கத்தில்தான் உப்பு தங்கும். அங்கே துணியோடு விரலை விட்டுத் துடையுங்கள். நல்ல தண்ணீரில்தான் துடைக்க வேண்டும். உவர்ப்பான போர் தண்ணீரில் துடைப்பது, உப்பை எடுத்து உப்பையே பூசுகிற வேலை. சிலிக்கோன் பூச்சு இருந்தால் தேய்த்துச் சுரண்டாதீர்கள். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் பூச்சு நன்றாக இருக்கிறது, படர்ந்தால் தேய்ந்துவிட்டது. விரிசல், உடைந்த விளிம்பு, பழுப்பான தீய்ந்த கோடு தெரிந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றச் சொல்லுங்கள்.

மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கூரைச் சட்டமான பேண்டோகிராப்பில் எல்லோரும் கார்பன் பட்டையைப் பார்ப்பார்கள். பட்டை சமமாகத் தேயட்டும் என்றே மேல்கம்பியை வளைந்து வளைந்து கட்டியிருக்கிறார்கள். ஒரே இடத்தில் பள்ளம் விழுந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கடலோரம் ஓடிய வண்டி என்றால் நான் முதலில் பார்ப்பது பேண்டோவின் மூட்டுகளில் மின்சாரத்தைக் கடத்தும் செம்புப் பின்னல்களை. பச்சை பூத்து இழை அறுந்தால், மின்சாரம் பேரிங் வழியே புகுந்து அதைக் கெடுத்துவிடும்.

பேண்டோவை இறக்கியாயிற்று என்று கூரையில் ஏறிவிடாதீர்கள். தலைக்கு மேலே கம்பியில் சப்ளை இருக்கும். நிறுத்திய கம்பியில்கூடப் பக்கத்து லைனின் தூண்டலால் மின்னழுத்தம் நிற்கும். சப்ளையை நிறுத்தி, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டி, வேலை செய்யலாம் என்ற எழுத்து அனுமதியான பெர்மிட் கைக்கு வந்த பிறகே ஏணியில் கால் வையுங்கள். அவசரப்படுத்துகிறவர் கீழேயே நின்று பேசட்டும்.