முன் லோடர் வாங்குமுன் பின்பக்கம் பாருங்கள்

கேள்வி: மாட்டுப் பண்ணைக்கென்று, முன் லோடர் (முன்னால் பாரம் தூக்கும் இரும்புக் கைகள்) பூட்டிய பழைய ரக்டர் வாங்கினேன். விளம்பரத் தாளில் 900 கிலோ தூக்கும் என்றிருந்தது. 400 கிலோ உருளை வைக்கோல் கட்டுக்கே பின் சில்லு எழும்புகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (சம்மாந்துறை)

பதில்: பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதில் பழைய கோபம் ஒன்று உண்டு. அந்த 900 பெரும்பாலும் லோடர் கையின் நுனியில், பக்கெட் பூட்டும் ஆணியில் அளந்த கணக்கு. கட்டின் பாரமோ அந்த ஆணிக்கும் இரண்டடி முன்னால் நிற்கும். அங்கே தூக்கும் சக்தி குறைவு. அதைவிட, ஹைட்ரோலிக் எவ்வளவு தூக்கும் என்பது வேறு, ரக்டர் எவ்வளவு தாங்கி நிற்கும் என்பது வேறு.

கிணற்றுத் துலாவை நினையுங்கள். முன் அச்சுதான் துலாக்கால். முன்னால் பாரம் ஏறினால் பின்னால் கல் கட்ட வேண்டாமா? இந்த மாதிரிப் பழைய ரக்டர்களில் பிரேக்கும் பின் சில்லுக்கு மட்டும்தான். சில்லு நிலத்தை விட்டால் பிரேக்கும் போய்விட்டது.

லோடரின் கைநூலில் சொன்ன அளவுக்குப் பின்னால் கொங்கிறீட் பாரம் பூட்டுங்கள். பின் ரயரில் தண்ணீரும் நிரப்பலாம். ஓடும்போது கட்டு முழங்கால் உயரத்தில் இருக்கட்டும். உயர்த்திப் பிடித்துக்கொண்டு வரம்பேறித் திரும்பினால் ரக்டர் சரியும். பெயின்ட் எவ்வளவு புதிது என்று அரை மணி நேரம் பேசும் வியாபாரி, பின் பாரம் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

கேள்வி: கட்டைப் பிடிக்கும் கவ்வி வாங்கக் காசில்லை. பக்கெட்டிலேயே உருளைக் கட்டைத் தூக்கலாமா? (வெல்லாவெளி)

பதில்: வேண்டாம். மேலே போனதும் கட்டு கைகளின் வழியே உருண்டு உங்கள் மடியில் இறங்கும்.

கேள்வி: பாவித்த லோடர் வாங்கும்போது எதைப் பார்ப்பது? (செங்கலடி)

பதில்: நான் பார்க்காததை எல்லாம். பளபளவென்று நிறம் அடித்த லோடர் ஒன்றை நம்பி வாங்கினேன். வீட்டுக்கு வந்து லோடர் கைகளை உயர்த்தி எஞ்சினை நிறுத்தினேன். தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் இரண்டு கையும் தரைக்கு வந்துவிட்டன. சிலிண்டருக்குள்ளே சீல் போயிருந்தது. அதை மாற்றக் கொடுத்த காசை இன்றும் மனைவி ஞாபகப்படுத்துகிறாள்.

பாரத்தோடு உயர்த்தி நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். அடியில் எவரும் நிற்கக் கூடாது. சிலிண்டர் தண்டில் கீறல் உண்டா என்று பாருங்கள். குழாயில் கசிவு தேடுவதற்கு மட்டும் விரலை வைக்காதீர்கள், கடதாசி மட்டையைப் பிடியுங்கள். அழுத்தத்தோடு வரும் ஒயில் ஊசிபோலத் தோலுக்குள் ஏறும். வலிக்காவிட்டாலும் உடனே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: தொலைபேசியில் விலை பேசி 200 வைக்கோல் கட்டு எடுத்தேன். அவிழ்த்தால் உள்ளே கறுப்பு. (அக்கரைப்பற்று)

பதில்: ஒரு கட்டையாவது அவிழ்த்துப் பார்க்காமல் 200 கட்டா? வேளாண்மை வெட்டியபின் மழையில் நனைந்த வைக்கோலைக் காயவிடாமல் கட்டியிருப்பார்கள். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும், உள்ளே சூடேறும், சில வேளை தீயும் பிடிக்கும். மாட்டுக்குப் போடாதீர்கள். மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்திலும் அடுக்காதீர்கள்.

கேள்வி: மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் லோடர் வாங்கினேன். கடைக்காரர் பில் தரவில்லை, இப்போது போனும் எடுப்பதில்லை. (மண்டூர், ஒரு தாய்)

பதில்: அம்மா, உங்கள்மேல் பிழையில்லை. கேட்டால் பில் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வாங்கி மூன்று மாதத்துக்குள் அந்தச் சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். விவரம் கேட்க 1977க்கு எடுங்கள். வங்கிச் சீட்டு, போன் செய்திகள், லோடரின் படம் எல்லாவற்றையும் இன்றே பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: லோடரில் தம்பியை ஏற்றி வைக்கோல் போரின் உச்சிக்கு அனுப்பலாமா? (இறக்காமம்)

பதில்: இதை உங்கள் உம்மாவிடம் கேட்டீர்களா?