ரீமேப் செய்த ஆட்டோமேட்டிக் காரில் 80இல் போகும்போது உதறல்: டார்க் கன்வர்ட்டர் லாக்கப் போய்விட்டதா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். போலோ 1.0 டிஎஸ்ஐ, 6 ஸ்பீட் ஆட்டோமேட்டிக். சென்னையில் ஸ்டேஜ் 1 ரீமேப், அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டும் வேலை, செய்திருக்கிறீர்கள். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு ஊருக்கு வரும் வழியில், புதுக்கோட்டை தாண்டி 70–80இல் நிதானமாகப் போகும்போது வண்டி உதறுகிறது, ஆர்பிஎம் முள்ளும் லேசாக ஆடுகிறது. காரைக்குடியில் காட்டினால் "கன்வர்ட்டர் போச்சுண்ணே, கியர்பாக்ஸை இறக்கணும்" என்கிறார்கள். இறக்கலாமா?

இப்போதைக்கு இறக்காதீர்கள். கன்வர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச்சின் கோளாறு மாதிரியே நடிக்கிற வேறு கோளாறுகள் இருக்கின்றன. அவற்றைத் தள்ளுபடி செய்ய, வண்டியின் கணினியைப் படிக்கும் ஒரு ஸ்கேனரும் ஒரு காலை நேரமும் போதும். நான் மெக்கானிக் இல்லை. ரீமேப் வண்டியும் ஸ்கேனரும் வைத்திருப்பதால், திருவிழாவுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாம் வண்டியை என் வாசலில்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள், அவ்வளவுதான்.

சென்னையில் தெரியாத உதறல் ஊருக்கு வரும்போது மட்டும் ஏன் தெரிகிறது? எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரில் எஞ்சின் பக்கத்துச் சக்கரத்துக்கும் கியர்பாக்ஸ் பக்கத்துச் சக்கரத்துக்கும் நடுவே எண்ணெய் மட்டும்தான். அதில் எப்போதும் கொஞ்சம் நழுவும்; அதனால் பெட்ரோலும் வீண், சூடும் ஏறும். ஒரே வேகத்தில் போகும்போது அந்த நழுவலை நிறுத்த உள்ளே ஒரு சின்ன கிளட்ச் வந்து ஒட்டிக்கொள்ளும். அதுதான் லாக்கப். அண்ணா சாலையில் நின்று நின்று போகிற வண்டியில் அதற்கு நீடித்த வேலை கிடைப்பது அபூர்வம். திருமயம் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நேர்சாலை, 6வது கியர், 2,000க்குக் கீழே ஆர்பிஎம், ஆக்சிலேட்டரில் லேசாகக் கால். அங்கேதான் முழுப் பாரமும் அந்தக் கிளட்ச் மேல் விழுகிறது.

சரி, சோதனைக்கு வருவோம். மலிவான புளூடூத் டாங்கிள் பெரும்பாலும் கியர்பாக்ஸைப் படிக்காது. வி.சி.டி.எஸ். அல்லது ஓபிடிலெவன் மாதிரி ஒரு ஸ்கேனர் வேண்டும். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து எஞ்சின் ஆர்பிஎம், கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் (கன்வர்ட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டு) ஆர்பிஎம், ஏடிஎஃப் (கியர்பாக்ஸ் எண்ணெய்) வெப்பம், ஒவ்வொரு சிலிண்டரின் மிஸ்ஃபயர் (பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் போவது) கணக்கு, இந்த நான்கையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் திரையைப் பார்க்க வேண்டாம், நம் சாலையில் ஆடு எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்ல முடியாது. உதறல் வரும் நொடியில் எஞ்சின் ஆர்பிஎம்மும் இன்புட் ஷாஃப்ட் ஆர்பிஎம்மும் விலகி, சேர்ந்து, மறுபடி விலகினால் லாக்கப் கிளட்ச் பிடித்துப் பிடித்து நழுவுகிறது என்று அர்த்தம். இரண்டும் ஒட்டியபடியே இருக்க, வண்டி மட்டும் உதறினால் கிளட்ச் ஒழுங்காகத்தான் பிடித்திருக்கிறது; உதறுவது எஞ்சின்.

இந்த இரண்டாவது வகையைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. தேவகோட்டை மச்சான் ஒருவர் வண்டிக்கும் இதே 'கன்வர்ட்டர் போச்சு' தீர்ப்புதான் கிடைத்தது. ஸ்கேனரில் பார்த்தால் ஆர்பிஎம் இரண்டும் பிசகாமல் ஒன்றாக ஓடுகின்றன, மூன்றாவது சிலிண்டரில் மட்டும் மிஸ்ஃபயர் ஏறிக்கொண்டே போகிறது. ரீமேப்பில் பூஸ்ட்டை (டர்போ அழுத்தத்தை) கூட்டியவர்கள் ஸ்பார்க் பிளக் இடைவெளியைக் குறைக்காமல் விட்டிருந்தார்கள். குறைந்த ஆர்பிஎம்மில் டர்போ அழுத்தம் ஏறும்போது பொறி அணைந்துவிடுகிறது. லாக்கப் இல்லாத நேரத்தில் எண்ணெய் அந்த அதிர்வை விழுங்கிவிடும். லாக்கப் ஆனதும் அப்படியே சீட் வரைக்கும் வரும். பிளக் மாற்றியதோடு முடிந்தது.

ஆர்பிஎம் விலகுகிறது என்றால் அடுத்து ஏடிஎஃப். அதில் உராய்வைச் சீராக வைக்கும் சேர்மானங்கள் உண்டு. அவை தீர்ந்துபோனாலோ, சூட்டில் கெட்டாலோ, வேறு வகை எண்ணெய் ஊற்றியிருந்தாலோ கிளட்ச் பிடிக்கும், நழுவும், மறுபடி பிடிக்கும். கருகிய வாடையோ கறுத்த நிறமோ இருந்தால் மாற்றுங்கள். ஒருமுறை வடித்தால் பாதிகூட வராது, மீதி கன்வர்ட்டருக்குள்ளேயே நிற்கும். அதனால் வடித்து ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி வடிக்க வேண்டும். கியர்பாக்ஸின் அடித்தட்டான பேனில் இருக்கும் காந்தத்தில் மையாக அரைத்த சாம்பல் பசை இருந்தால் கவலை வேண்டாம். துகள் துகளாக மின்னினால் அது வேறு கதை.

அளவு பார்ப்பதில்தான் நம் ஊர் வெயில் விளையாடும். இந்தக் கியர்பாக்ஸில் டிப்ஸ்டிக் கிடையாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி, வழிவதை வைத்து அளவு பார்க்க வேண்டும். சித்திரையில் மதியம் ஓட்டி வந்த வண்டியை அப்படியே லிஃப்ட்டில் ஏற்றினால் எண்ணெய் விரிந்திருக்கும். வழிகிறது, நிறைய இருக்கிறது என்று போல்ட்டை மாட்டிவிடுவார்கள். ஆறிய பிறகு பார்த்தால் குறை. ராத்திரியே வண்டியை விட்டுவிட்டு, காலையில் முதல் வேலையாக, ஸ்கேனரில் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே செய்யச் சொல்லுங்கள்.

எண்ணெய் சரி, அளவும் சரி, அப்புறமும் நழுவுகிறதா? ரீமேப் ஃபைலைச் சந்தேகப்படுங்கள். எஞ்சின் கணினி 'இப்போது இவ்வளவு டார்க் (முறுக்கு விசை) தருகிறேன்' என்று கியர்பாக்ஸ் கணினிக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கை வைத்துத்தான் அது கிளட்ச் அழுத்தத்தை முடிவு செய்கிறது. கம்பெனி கொடுத்தது 175 நியூட்டன் மீட்டர். சில மலிவான ஃபைல்களில் டார்க்கைக் கூட்டிவிட்டு, சொல்லும் கணக்கைப் பழையபடியே விட்டுவிடுகிறார்கள். சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாமல் மூட்டையை மட்டும் கூட்டி ஏற்றுவது மாதிரிதான். குறைந்த அழுத்தத்தில் பிடித்த கிளட்ச் கூடுதல் பாரத்தில் நழுவும், அந்தச் சூட்டில் லைனிங் கண்ணாடி மாதிரி வழவழத்துப்போகும். எண்ணெயைப் பொசுக்குவதும் அந்தச் சூடுதான்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒரிஜினல் ஃபைலை ஏற்றி அதே சாலையில் ஓட்டிப் பார்ப்பது. உதறல் போய்விட்டால் ரீமேப் செய்த டியூனரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கைக் குறைக்க முடியுமா, கியர்பாக்ஸ் கணினிக்கும் டியூன் உண்டா. "கியர்பாக்ஸைத் தொட வேண்டியதே இல்லை சார்" என்பவரிடம் நான் வண்டியை விடமாட்டேன்.

ஒரிஜினல் ஃபைலிலும் உதறி, லாக்கப் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொல்லும் பி0741 என்ற கோளாறு கோடும் திரும்பத் திரும்ப வந்தால், முதலில் எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வான சொலினாய்ட், அடுத்து எண்ணெயைப் பங்கிட்டு அனுப்பும் வால்வு பாடி, கடைசியாகத்தான் கன்வர்ட்டர் என்ற வரிசையில் பாருங்கள். வண்டி ஆறியிருக்கும்போது ஒழுங்காக இருந்து சூடானதும் மட்டும் நழுவினால் வால்வு பாடியில் அழுத்தம் கசிய வாய்ப்பு அதிகம். கன்வர்ட்டர்தான் என்று முடிவானால், அதை வெட்டி, லைனிங் மாற்றி, வெல்ட் செய்து பேலன்ஸ் பார்க்கிற இடத்துக்கே அனுப்புங்கள். பழைய லைனிங் துகள் ஏடிஎஃப் கூலரில் தங்கியிருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள்.

சென்னைக்கு இதே வண்டியில்தான் திரும்ப வேண்டும் என்றால், மேனுவல் மோடில் 80க்கு 5வது கியரோ 4வது கியரோ வைத்து ஓட்டுங்கள். மைலேஜ் குறையும், லாக்கப் கிளட்ச் மேல் பாரமும் குறையும். ஏடிஎஃப் வெப்பம் 110 டிகிரியைத் தாண்டினால் ஓரம் கட்டி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு ஆறவிடுங்கள்.