அரை மணி நேரத்தில் ஏசி காற்று நின்றுபோனால்

நண்பரே, காரை அரை மணி நேரம் ஓட்டியதும் ஏசி காற்று சுருங்கிவிடுகிறது, கொஞ்ச நேரம் அணைத்துப் போட்டால் திரும்ப வருகிறது, மெக்கானிக் டாஷ்போர்டு முழுவதையும் கழற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். இது பெரும்பாலும் டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுவது. அங்கே செருகியிருக்கும் வெப்பச் சென்சார் தப்பாகக் காட்டினால் கம்ப்ரஸர் நேரத்துக்கு நிற்காது. காயிலில் ஈரம் உறைந்து காற்று வழியை அடைத்துவிடும்.

முதலில் ஏசி காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். அது அடைத்திருந்தாலும் இதே கதைதான்.

பல கார்களில் குளோவ் பாக்ஸைக் கழற்றினாலே சென்சாருக்குக் கை எட்டும். பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் தொடாதீர்கள், அது ஏர்பேகுடையது. காயில் பெட்டிக்குள் போகும் இரண்டு மெல்லிய ஒயர்தான் உங்கள் ஆள். கேஸ் லைனோடு அதற்குச் சம்பந்தமில்லை, கேஸ் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம்.

புதிது வாங்கும் முன் பழையதைச் சோதியுங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளவில்) வைத்து, சென்சாரின் முனையை ஐஸ் தண்ணீரில் விட்டால் எண் ஏற வேண்டும். உள்ளங்கையில் பொத்தினால் இறங்க வேண்டும். என்னுடையது ஐஸில் கிடந்தும் அசையவே இல்லை!

அப்புறம், பழையது எவ்வளவு ஆழம் இருந்ததோ அதே ஆழத்துக்குப் புதியதையும் கையாலேயே செருகுங்கள். கட்டிங் பிளேயரால் அழுத்தினால் காயிலின் அலுமினியத் தகடு காகிதம் மாதிரி மடங்கும். காயிலுக்குள் ஓடும் கேஸ் குழாயில் ஓட்டை விழுந்தால்தான் உண்மையில் டாஷ்போர்டைக் கழற்ற வேண்டிவரும்.