முதல் பேட்ச்சுக்கு ஒரு வரி பதில்: வடசென்னை நண்பர்களின் கேள்விகள்

கோடை யாரும் பார்த்துத் திருத்த முடிகிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் திட்டங்களில், பிறர் அனுப்பும் பேட்ச்சை (கோடு திருத்தத்தை) படித்துக் கருத்துச் சொல்லும் ரிவ்யூ பார்க்கிறவன் என்ற முறையில், நம் பகுதி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

வியாசர்பாடி, கல்லூரி மாணவி: அண்ணா, என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி புல் ரிக்வெஸ்ட் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. பதிலே இல்லை, தானாக ஓட வேண்டிய டெஸ்ட்கூட ஓடவில்லை. என் கோடு அவ்வளவு மோசமா?

இல்லைம்மா. அதை யாரும் இன்னும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட பல திட்டங்களின் கோடை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தின் இலவசக் கணினிகளில் கிரிப்டோ காசு தோண்டுவதற்கென்றே சிலர் புல் ரிக்வெஸ்ட் அனுப்பத் தொடங்கியதால், 2021இல் ஒரு கட்டுப்பாடு வந்தது. ஒரு திட்டத்துக்கு முதல்முறை அனுப்புகிறவரின் டெஸ்ட், திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் ஒப்புதல் தந்தால்தான் ஓடும். அங்கேயே ஒரு வரி எழுதி ஒப்புதல் கேளுங்கள். தப்பே இல்லை.

மெயின்டெய்னர்களுக்கும் சொல்கிறேன். கடுஞ்சொல்லைவிட மௌனம்தான் அதிகம் பேரை விரட்டுகிறது. "பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை படிக்கிறேன்" என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ரஸ்ட் என்ற நிரல் மொழியின் திட்டத்தில் புல் ரிக்வெஸ்ட் வந்ததும் ஒரு பாட் (தானியங்கி நிரல்) ரிவ்யூவரை நியமித்து, புதியவரை வரவேற்றும் எழுதுகிறது. யாரைக் கேட்பது என்ற தவிப்பு அங்கேயே தீர்ந்துவிடும்.

கொளத்தூர்: வருகிற கோடில் இடைவெளி, மேற்கோள்குறி எல்லாம் தாறுமாறு. ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினால் ஆள் திரும்ப வருவதில்லை.

அதை மெஷினிடம் விடுங்கள். கோடின் வடிவத்தைத் தானாகச் சீராக்க பைத்தான் மொழிக்கு பிளாக் இருக்கிறது, கோ மொழிக்கு கோஃபம்ட் இருக்கிறது. நீங்கள் தர்க்கத்தைப் பாருங்கள். எது கட்டாயம், எது உங்கள் விருப்பம் என்று பிரித்தும் எழுதுங்கள். பதினைந்து குறிப்பில் இரண்டுதான் கட்டாயம் என்பது புதியவருக்கு எப்படித் தெரியும்?

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அவர் கோடை நீங்களே மாற்றி எழுதி, அவர் பெயர் இல்லாமல் கமிட் போடாதீர்கள் (திட்டத்தில் பதிவு செய்யாதீர்கள்).

மணலி: முதல் வேலை எங்கே கிடைக்கும்?

செய்ய வேண்டிய வேலையை இஷ்யூ என்பார்கள்; புதியவருக்கு ஏற்றதற்குப் போடும் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்ற லேபிளில் தேடுங்கள் தம்பி. கடைசி ரிவ்யூ எப்போது நடந்தது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ராயபுரம்: லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் திட்டித் திட்டித்தான் அதன் மையமான கெர்னலைக் காப்பாற்றினார். வரவேற்பு, அன்பு என்றால் தரம் போய்விடும்.

லினஸே 2018 செப்டம்பரில் தன் மின்னஞ்சல்களின் கடுமைக்கு மன்னிப்புக் கேட்டு, சில வாரம் ஒதுங்கி இருந்தார். அப்போதுதான் கெர்னலுக்குப் புதிய நடத்தை விதிகள் வந்தன. அதனால் கெர்னல் கெட்டுப்போகவில்லையே சார். ஒரு பேட்ச்சை மறுப்பதற்கும் ஆளை அவமதிப்பதற்கும் சம்பந்தமே இல்லை. காரணத்தோடு மறுத்தால் அடுத்த பேட்ச் நன்றாக வரும்.

தண்டையார்பேட்டை: சுலபமான இஷ்யூ எங்கே தேடுவது?

மணலித் தம்பிக்குச் சொன்னதேதான்.

மறுபடி ராயபுரம்: புதியவரை நம்பி உள்ளே விட்டதால்தானே கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் பின்கதவு (திருட்டுத்தனமாக நுழையும் வழி) வந்தது?

இதை விட மாட்டேன். அங்கே நடந்ததைப் பாருங்கள். எக்ஸ்இசட்டை ஏறக்குறைய ஒரே மனிதர் சம்பளமில்லாமல் கவனித்து வந்தார். 2022இல் சில கணக்குகள் "ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடு" என்று அவரைக் குடைந்தன. சோர்ந்திருந்தவர், 2021 முதல் பேட்ச் அனுப்பிவந்த ஒருவருக்கு மெல்ல மெல்லப் பொறுப்பைக் கொடுத்தார். 2024இல் அந்தக் கணக்கிலிருந்துதான் பின்கதவு நுழைந்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார்.

கனிவான ரிவ்யூவா காரணம்? ரிவ்யூ பார்க்க இன்னொரு ஜோடிக் கண் இல்லை, இருந்த ஒருவரையும் மிரட்டினார்கள். புதியவர்களை வரவேற்று ரிவ்யூவர்களாக வளர்த்தால் அந்த இன்னொரு ஜோடிக் கண் கிடைக்கும். வரவேற்பது வேறு, சாவியைக் கொடுப்பது வேறு. முதல் பேட்ச்சைக் கனிவாகப் படியுங்கள். கமிட் உரிமையைக் கறாராகக் கொடுங்கள்.

திருவொற்றியூர்: நல்ல முதல் இஷ்யூ…

மேலே இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. முழுவதும் படித்துவிட்டுக் கேளுங்கள், தயவுசெய்து.

பெரம்பூர்: ஆங்கிலம் தடுமாறும். ரிவ்யூவில் பதில் எழுதவே பயமாக இருக்கிறது அண்ணா.

சின்னச் சின்ன வாக்கியமாக எழுதும்மா. என்ன மாற்றினாய், ஏன் மாற்றினாய், எப்படிச் சோதித்தாய், இவ்வளவு போதும். ரிவ்யூவர் சொன்னது புரியவில்லையென்றால் ஒரு உதாரணம் கேள். சரி, முதல் பதிலை அனுப்பும் முன் யாரிடமாவது காட்ட வேண்டும் என்றால் எனக்கு அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.